வேலூரில் இருந்தபடி கடல் மீனின் வயதைக் கணிக்க எந்த முறை நல்லது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடும் சமயத்தில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கடல் மீனின் வயதையும் வளர்ச்சி வேகத்தையும் ஆய்வுக்கு எடுக்கலாமா? எடுத்தால் எந்த முறையில் செய்வது? பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சுமார் 130 கிலோமீட்டர். இவ்வளவு தள்ளி உட்கார்ந்துகொண்டு கடல் மீனை ஆராய்வதா என்று தயங்க வேண்டாம், தாராளமாக எடுக்கலாம். ஆனால் கொச்சியிலோ மண்டபத்திலோ இருப்பவருக்குச் சரிப்படும் முறை நமக்குச் சரிப்படாது. நமக்கு மீன் படகிலிருந்து நேராக வருவதில்லை, பெட்டியில் ஐஸ் போட்டு வியாபாரி கை மாறி வருகிறது. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வயதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கணக்கிட வேண்டும்? ஒரு மீன் இனம் எத்தனை ஆண்டு வாழும் என்பதை வைத்துத்தான் அதில் ஆண்டுக்கு எவ்வளவு இயற்கையாகச் சாகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். ஹோனிக் 1983-ல் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதிகபட்ச வயது 10 என்று அதில் போட்டால் இறப்பு விகிதக் கெழு 0.44 வரும். 20 என்று போட்டால் 0.22 தான். வயதைப் பாதியாகக் குறைத்து எண்ணிவிட்டால், அந்த இனம் வேகமாகப் பெருகி வேகமாகச் சாகும் இனம், ஆகவே நிறையப் பிடிக்கலாம் என்ற முடிவுக்குப் போய்விடுவோம்.

இது நடந்தும் இருக்கிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கத்து ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்ற மீனை 1970-களின் கடைசியில் பெரிய அளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். அது சில பத்தாண்டுகள் மட்டும் வாழும் என்று அப்போது நினைத்தார்கள். பிறகு அதன் செவிக்கல்லில், அதாவது தலைக்குள் காதுப் பகுதியில் இருக்கும் சின்னக் கல்லில், இருக்கும் ரேடியம், ஈயம் ஆகியவற்றின் கதிரியக்க விகிதத்தை அளந்து பார்த்தபோது நூறு ஆண்டுகளையும் தாண்டி வாழ்வது தெரிந்தது. அதற்குள் பல இடங்களில் அந்த மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரி, முறைகளுக்கு வருவோம்.

நம் ஊர் மாணவர்கள் முதலில் நாடுவது நீள அளவு முறை. ஸ்கேலும் நோட்டும் இருந்தால் போதும் என்று தோன்றுவதால் இதன் மேல் எல்லோருக்கும் ஒரு ஈர்ப்பு. டென்மார்க்கின் பீட்டர்சன் 1890-களிலேயே இந்த வழியைக் காட்டிவிட்டார். ஒரு பகுதியில் பிடிபடும் மீன்களின் நீளத்தை மாதாமாதம் அளந்து வரைபடம் போட்டால், ஒரே பருவத்தில் பிறந்த மீன்கள் ஒரு மேடாகத் தெரியும். அடுத்த மாதம் அந்த மேடு வலப்பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு வளர்ச்சி. ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் மேடுகளைப் பிரிக்க பட்டாச்சார்யா என்ற நம் நாட்டுப் புள்ளியியலாளர் 1967-ல் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நீளக் கணக்கிலிருந்து வளர்ச்சியைக் கணிக்க டேனியல் பாலி உருவாக்கிய எலிஃபான், அதை உள்ளடக்கிய ஃபைசாட் மென்பொருள், ஆர் என்ற கணினி மொழியில் டிராப்ஃபிஷ்ஆர் என்று எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. கடற்கரையில் இருப்பவருக்கு இது நல்ல முறைதான். வெப்பக்கடல் மீன்களின் செதிலிலும் செவிக்கல்லிலும் வயதைக் காட்டும் வளையம் தெளிவாக விழாது என்று நம்பப்பட்ட காலத்தில் இந்தியாவில் நடந்த மீன்வள ஆய்வுகளுக்கு முதுகெலும்பாக இருந்ததும் இதுவே.

வேலூர் மார்க்கெட்டில் மட்டும் இது எடுபடாது. துறைமுகத்திலேயே மீனைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். பெரியது ஏற்றுமதிக்கும் ஓட்டலுக்கும் போகிறது. மிகச் சிறியது கருவாட்டுக்கும் தீவனத்துக்கும் போகிறது. நடுத்தரம்தான் நம் பக்கம் வருகிறது. அந்த நடுத்தரமும் ஒரே கடலிலிருந்து வருவதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மேற்குக் கரைச் சரக்கை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. மேற்குக் கரையின் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அப்போது நிலைமை தலைகீழாகிவிடும். இப்படி வரும் மீன்களின் நீளத்தை அளந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மார்ச்சில் சராசரி 18 சென்டிமீட்டர், மே மாதம் 22 சென்டிமீட்டர் என்று வரும். இரண்டு மாதத்தில் மீன் 4 சென்டிமீட்டர் வளர்ந்தது என்று மென்பொருள் சொல்லும். உண்மையில் மாறியது கடல், வலை, வியாபாரி. மீன் வளரவே இல்லாமலும் இருக்கலாம். மென்பொருளுக்கு இது தெரிய வழியில்லை, எண்ணைக் கொடுத்தால் விடை கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் கடல்களில் பல மீன்கள் ஆண்டில் ஒரே தடவை முட்டையிடுவதில்லை. நீண்ட காலம் விட்டுவிட்டு இடும். அதனால் மேடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எது எந்தப் பருவத்துக் குஞ்சு என்று பிரிப்பது பார்ப்பவர் யூகத்தைப் பொறுத்தது. அந்த யூகத்தில் எவ்வளவு தொங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வயதுக்கு ஏற்ப மீனின் நீளம் எவ்வளவு என்று சொல்லும் வான் பெர்டலான்ஃபி சமன்பாட்டில் ஒரு மீனின் உச்ச நீளம் 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கே என்ற வேகக் கெழு 0.5 என்றால் முதல் ஆண்டு முடிவில் மீன் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கே 1 என்றால் 19 சென்டிமீட்டர். மேடுகளை இணைக்கும் கோட்டை ஒரு மேடு தள்ளிப் போட்டாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். ஒரே மீனுக்கு வெவ்வேறு ஆய்வுகளில் கே மதிப்பு எட்டாத தூரத்தில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாதம் ஒரு முறை காசிமேட்டுக்குப் போய், தரம் பிரிக்கும் முன்பே அளந்து வருவேன் என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அப்படிச் செய்ய முடிந்தால் நீள முறையை எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஏலம் விடியற்காலையில் நடக்கும், முந்தின இரவே கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில நூறு மீனாவது அளந்தால்தான் மேடு தெரியும். எந்த வலை, எந்தக் கண்ணி அளவு என்று படகுக்காரரிடம் கேட்டு எழுத வேண்டும். ஓராண்டு முழுக்க இதை விடாமல் செய்ய வேண்டும். முனைவர் பட்டத்துக்கு இது முடியும். முதுகலையின் கடைசிப் பருவத்தில் முடியாது.

செதிலைப் பற்றிக் கொஞ்சம். ஹோஃப்பாவர் 1898-ல் கெண்டை மீனின் செதிலில் ஆண்டு வளையம் இருப்பதைக் காட்டினார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஹார்னெலும் நாயுடுவும் 1920-களில் மலபார்க் கரையின் மத்தி மீனை ஆராய்ந்தபோது செதில் வளையங்களைப் பார்த்தார்கள். நம் நாட்டில் இது பழைய வழி. மீனைக் கொல்லாமலே எடுக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் மார்க்கெட்டுக்கு வந்த மீனுக்கு அந்த நன்மையால் பயனில்லை. பெட்டியில் உரசி உரசி மத்தியின் செதில் பாதி உதிர்ந்துதான் வருகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் அந்த மீனுடையதா, பக்கத்து மீனுடையதா என்பதே சந்தேகம். ஒரு செதில் உதிர்ந்து புதிதாக முளைத்திருந்தால் அதன் நடுவில் பழைய வளையங்கள் இருக்காது. வயதான மீனில் ஓர வளையங்கள் நெருக்கிக்கொண்டு எண்ண முடியாமல் போகும். இங்கிருந்து செய்வதற்குச் செதிலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடையாள வில்லை குத்தி விட்டுத் திரும்பப் பிடிப்பது மிக நேர்மையான அளவு, ஆனால் படகும் மீனவர்களின் ஒத்துழைப்பும் பல ஆண்டுப் பணமும் வேண்டும். நமக்கு அது எட்டாது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950, 60-களில் காற்றிலும் கடலிலும் கூடிய கார்பன் 14-ஐ வைத்து வயதைச் சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு. 2016-ல் கிரீன்லாந்துச் சுறாவின் கண் வில்லையில் கார்பன் 14-ஐ அளந்து, மிகப் பெரிய சுறாவுக்கு 392 ஆண்டு, முன்னே பின்னே 120 ஆண்டு என்று கணித்தார்கள். அற்புதமான வேலை. இரண்டு மூன்று ஆண்டே வாழும் மத்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி செவிக்கல். நான் இதன் பக்கம்தான்.

எலும்பு மீன்களின் மண்டைக்குள், மூளைக்குக் கீழே, காதின் பகுதியாக மூன்று ஜோடிக் கற்கள் இருக்கின்றன. பெரும்பாலான கடல் மீன்களில் அவற்றில் ஒரு ஜோடிதான் பெரியது, அதைத்தான் எடுக்கிறோம். அது அரகோனைட் வடிவச் சுண்ணாம்பு. மீன் பிறந்ததிலிருந்து சாகும் வரை இதன் மேல் படலம் படலமாகப் படிந்துகொண்டே போகும். பட்டினி கிடந்தாலும் உடல் இதைக் கரைத்து எடுத்துக்கொள்வதில்லை. செதிலுக்கும் எலும்புக்கும் இல்லாத குணம் இது. ரைபிஷ் 1899-ல் இதை வைத்து வயது எண்ணிக் காட்டினார்.

வேலூருக்கு இது ஏன் பொருந்தும் என்றால், மீனின் வரலாறு அந்தந்த மீனின் தலைக்குள்ளேயே இருக்கிறது. யார் தரம் பிரித்தார்கள், எத்தனை கை மாறியது, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்பதால் கல்லின் வளையம் மாறாது. மீனின் நீளம் ஐஸில் கொஞ்சம் சுருங்கும், கல் சுருங்காது. நடுத்தர மீன் மட்டும் கிடைப்பதால் வளர்ச்சிக் கோட்டின் இரண்டு நுனியும் பலவீனமாகத்தான் இருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கும் கல்லே கொஞ்சம் கைகொடுக்கிறது. நடுப்புள்ளியிலிருந்து முதல் வளையம் வரை உள்ள தூரத்தை அளந்தால், அந்த மீன் அந்த வயதில் எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். முதல் வளையம் ஆரத்தில் பாதியில் இருக்கிறது, மீன் இப்போது 24 சென்டிமீட்டர் என்றால் அப்போது சுமார் 12 சென்டிமீட்டர். குஞ்சு பொரிக்கும்போதே கல் இருப்பதால் இந்த நேர் விகிதத்தில் சின்னத் திருத்தம் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. நம் மார்க்கெட்டுக்கு வராத குட்டி மீன்களின் அளவு இப்படிப் பெரிய மீனின் கல்லிலிருந்தே கிடைக்கிறது.

எந்த மீனை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. வஞ்சிரம் வேண்டாம். விலையும் அதிகம், உடலோடு பார்த்தால் கல்லும் மிகச் சிறியது, தொட்டால் உடையும். கத்தாளை, பன்னா வகையை எடுங்கள். இந்தக் குடும்பத்து மீன்களின் செவிக்கல் மற்ற மீன்களோடு ஒப்பிட மிகப் பெரியது. கையில் வைத்துப் பார்த்தால் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் சிறியதாக, வெள்ளையாக, ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். வாங்கும்போது மீனின் மொத்த நீளத்தையும் எடையையும் அங்கேயே எழுதிக்கொண்டு, வெட்டிக் கொடுப்பவரிடம், "அக்கா, ஒவ்வொரு தலையையும் தனித்தனியா போட்டுக் குடுங்க" என்று சொன்னால் போதும். தலைகள் கலந்துவிட்டால் எல்லாம் போச்சு. எந்தத் தலை எந்த நீளத்துக்கு என்று ஒரு சீட்டு போட்டுக் கட்டிவிடுங்கள்.

தலையைத் திருப்பிப் போட்டு, செவுளை முழுக்கப் பிய்த்து எடுங்கள். மண்டையின் அடிப்பாகம் தெரியும். கத்தாளையில் அங்கே இரண்டு பக்கமும் வீங்கிய மாதிரி உப்பிக்கொண்டிருக்கும் மெல்லிய எலும்பைக் கத்தி முனையால் நெம்பினால் கல் வெளியே வந்துவிடும். இரண்டையும் எடுத்துத் தண்ணீரில் கழுவி, மேலே ஒட்டியிருக்கும் சவ்வை விரலால் தேய்த்து எடுத்து, உலர்த்தி, சின்னக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் இனம், நீளம், எடை, ஆணா பெண்ணா, தேதி, எங்கிருந்து வந்த சரக்கு என்று வியாபாரி சொன்ன ஊர். ஃபார்மலினில் மட்டும் போடவே கூடாது. ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி கல்லைக் கரைத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் புட்டியில் பல ஆண்டாக இருக்கும் மீனிலிருந்து கல் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

படிப்பதற்கு வைர வட்டு ரம்பம் வேண்டும் என்று ஆய்வுக் கட்டுரைகளில் போட்டிருப்பார்கள். அது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உடைத்துச் சுடும் முறை இருக்கிறது, 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது. கல்லின் நடுவில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை வாட்டர் பேப்பரில் தேய்த்துவிடுங்கள், கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் அதே தாள்தான். தேய்த்த முகத்தை ஸ்பிரிட் விளக்கில் சில நொடிகள் காட்டினால் வளையங்களில் இருக்கும் புரதம் கருகிப் பழுப்பாகும். களிமண்ணில் செருகி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் விளக்கடித்து டிசெக்ஷன் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வெள்ளைப் பட்டையும் பழுப்புக் கோடும் மாறி மாறி வரும். சுடும்போது வெடித்துவிடும் கற்களும் இருக்கும். ஜோடியில் இன்னொன்று அதற்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. ஒரு கோடு என்பது ஓராண்டுதானா? குளிர்நாட்டில் பனிக்காலம் கோடு போடும். நம் கடலில் பருவமழை போடலாம், முட்டையிடும் காலம் போடலாம், ஆண்டுக்கு இரண்டு கோடுகூட விழலாம். பீமிஷும் மெக்ஃபார்லேனும் 1983-ல் எழுதிய கட்டுரையில், வயதைச் சரிபார்ப்பதை ஆய்வாளர்கள் மறந்தே போய்விட்டார்கள் என்று சுட்டிக்காட்டினார்கள். நம்மால் செய்யக்கூடிய சரிபார்ப்பு ஓர வளையம் பார்ப்பது. ஒவ்வொரு மாதமும் கல்லின் வெளி விளிம்பு பழுப்பா வெள்ளையா என்று குறித்து வைத்தால், ஆண்டில் ஒரே ஒரு பருவத்தில் பழுப்பு விளிம்பு கூடினால் ஆண்டுக்கு ஒரு கோடு. இரண்டு பருவத்தில் கூடினால் இரண்டு. இதற்கு மாதாமாதம் மீன் வேண்டும், அதுவும் பல வயது மீன்கள் வேண்டும். மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பது இங்கே நமக்கு வசதி. ஆனால் கிழக்குக் கரை மீனையும் மேற்குக் கரை மீனையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள், இரண்டுக்கும் பருவம் வேறு.

ஆறு மாதம்கூடக் கையில் இல்லாத முதுகலை மாணவருக்கு என்ன வழி? நாள் வளையம். செவிக்கல்லில் ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய வளையம் விழுகிறது என்று 1971-ல் பனெல்லா எழுதினார். ஓராண்டுக்குள் இருக்கும் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். நாள் கணக்கில் வயது வருவதால் பிறந்த தேதியையே பின்னோக்கி எண்ணலாம். கையில் எத்தனை மாத மாதிரி இருக்கிறது என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் வேலை மிக நுணுக்கமானது. கல்லைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 1200, 2000 எண் வாட்டர் பேப்பரில் நடுப்புள்ளி தெரியும் வரை தேய்க்க வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் நடுப்புள்ளியே காணாமல் போய்விடும். வளையங்கள் சில மைக்ரான் அகலம்தான், எண்ணெய் லென்ஸ் தேவைப்படும். வயது ஏற ஏற வளையங்கள் நெருங்கி எண்ணிக்கை குறைவாக வரும், அதனால் ஓராண்டுக்கு மேற்பட்ட மீனுக்கு இதை நீட்டாதீர்கள்.

இதற்குக் கை பழக ஒரு நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மீன் வளர்ப்பவரிடம் குஞ்சு விட்ட தேதி தெரிந்த ஜிலேபி மீன் சில வாங்கி, தேதியை நண்பரிடம் மறைத்து வைக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். உங்கள் எண்ணிக்கை எவ்வளவு தப்புகிறது என்று தெரிந்துவிடும். அது உங்கள் கண்ணுக்கான சோதனை மட்டுமே. ஜிலேபியில் சரியாக வந்தது என்பதால் நெத்திலியிலும் நாளைக்கு ஒரு வளையம்தான் என்று நிரூபணமாகிவிடாது.

எந்த முறையானாலும் இரண்டு பேர் தனித்தனியாக, மீனின் நீளத்தைப் பார்க்காமல் எண்ண வேண்டும். நீளம் தெரிந்தால் பெரிய மீனுக்கு ஒரு கோடு கூடுதலாகக் கண்ணில் படத்தான் செய்யும். இருவர் எண்ணிக்கையும் எவ்வளவு விலகுகிறது என்பதை ஆய்வேட்டில் அப்படியே போடுங்கள். ஓர வளையம் பார்க்க அவகாசம் கிடைக்காவிட்டால், இந்த வயதுகள் சரிபார்க்கப்படாதவை என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். நான் திருத்தும் ஏட்டில் அந்த வரி இல்லாவிட்டால்தான் குறைப்பேன்.

சுறாவை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்தக் கல் கிடைக்காது. சுறாவுக்கு முதுகெலும்புக் கண்ணியின் குறுக்கு வெட்டில்தான் வளையம் எண்ண வேண்டும், வளர்ச்சி நின்ற முதிய சுறாவில் அதுவும் குறைத்துக் காட்டும். பாதுகாக்கப்பட்ட இனங்களும் பல இருப்பதால் முதல் ஆய்வுக்கு அதை விட்டுவிடலாம்.

முழு ஆண்டு கையில் இருப்பவர்கள் கத்தாளையோடு ஜூலையில் தொடங்குங்கள். தடைக்காலம் முடிந்து கிழக்குக் கரைச் சரக்கு அதற்குள் சீராகிவிடும். அடுத்த ஏப்ரல் 14 வரை கிட்டத்தட்ட பத்து மாதம் ஒரே கரையின் மீன் கிடைக்கும். நடுவில் வரும் தடைக்காலத்துக்கு நாட்டுப்படகு, ஃபைபர் படகுகளின் மீன் கிடைத்தால் தனியாகக் குறித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வரைபடத்தில் அந்த இரண்டு மாதத்தையும் வெற்றாக விட்டு, ஜூன் 15-க்குப் பிறகு வரும் மீனிலிருந்து தொடருங்கள்.